குளிரை வெல்ல நெருப்பு மட்டும் போதுமா?

(ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு சட்டத்தரணி)

"வன்னியில் குளிரா?" என்று கொழும்பிலுள்ள நண்பர்கள் கேட்பதுண்டு. வன்னி என்றால் வெயில், புழுதி, வற்றிய குளம் என்பதே அவர்கள் மனத்தில் பதிந்த சித்திரம். குளிர் என்பது நுவரெலியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரிய பொருள், கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் அதனோடு என்ன தொடர்பு என்று அவர்கள் எண்ணுகிறார்கள். வீடுகளுக்குத் திட்டம் வரையும் அதிகாரிகளிற் பலரும் இவ்வாறே எண்ணுகிறார்கள். இவ்வெண்ணம் தவறு என்பதையும், இத்தவறுக்கு நம் மக்கள் கொடுத்துவரும் விலை பெரிது என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நிகழ்ந்ததை வன்னிக் கமக்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார். வங்கக் கடலில் எழுந்த மாண்டஸ் சூறாவளி டிசம்பர் 9ஆம் திகதி இரவு தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அண்மையிற் கரையைக் கடந்தது. நம் மண்ணை அது நேரே தாக்கவில்லை. ஆயினும் அது இழுத்துவந்த குளிர்காற்றும் விடாத் தூறலும் இரண்டு மூன்று நாட்களுக்குள் வடக்கு கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளையும் ஆடுகளையும் கொன்றுவிட்டன. முதலில் இது ஏதோ கொள்ளைநோய் என்று அஞ்சினார்கள். மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்த அரச மிருக வைத்தியத் துறையினரோ, இது தொற்றுநோய் அன்று, குளிர் அதிர்ச்சியே என்று அறிவித்தார்கள். விடியற்காலையிற் பட்டிக்குச் சென்றவர்கள், முதல்நாள் மாலை நின்ற பசுக்கள் விறைத்துக் கிடப்பதைக் கண்டார்கள். ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு ஓர் இரவில் மண்ணாயிற்று.

இங்கே சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்நாட்களில் வன்னியில் உறைபனி பெய்யவில்லை. வெப்பமானி காட்டிய அளவை ஐரோப்பியர் ஒருவர் கண்டிருந்தால் இனிய இளவேனிற் பொழுது என்றே சொல்லியிருப்பார். அவ்வாறாயின் கால்நடைகள் இறந்தது எதனால்? உடல் நனைந்திருந்தது. நனைந்த உடலிற் காற்று வீசியது. வயிற்றிற் போதிய தீனி இல்லை. ஒதுங்க இடமும் இல்லை. காற்றைக் காட்டிலும் நீர் உடற்சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்திச் செல்லும் என்பது பௌதிகம் கற்றோர் அறிந்த உண்மை. ஈரம் உலரும்போதும் உடலின் சூட்டையே பறித்துச் செல்கிறது. ஆகவே ஈரம், காற்று, பசி, கூரையின்மை என்ற நான்கும் கூடினால் மிதமான குளிரும் எமனாகும். மாட்டுக்கு உரிய இந்த விதி மனிதனுக்கும் பொருந்தும். பிறந்து சில நாளேயான சிசுவுக்கும், எழுபது கடந்த முதியவருக்கும், ஈளை நோயாளிக்கும் அது இரட்டிப்பாகப் பொருந்தும்.

நிற்க. குளிர் என்றவுடன் நெருப்பை நினைப்பது மனித இயல்பு. ஆனால் நெருப்பு இன்று இலவசமாகக் கிடைப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு உயர்ந்தது. மின்கட்டணம் அதே மாதத்திற் சராசரியாக 75 வீதமும், 2023ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர்க் கட்டணம் இறங்கியதும் ஏறியதும் உண்டு. ஆயினும் மின்சாரத்தால் அறையைச் சூடாக்கலாம் என்று எண்ணுகின்ற கமக்காரர் ஒருவரையேனும் இப்பகுதியிற் காட்ட முடியுமா? எஞ்சியிருப்பது விறகு. விறகுக்குக் காட்டுக்குள் இறங்கினால் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் ஒருபுறம், யானை ஒருபுறம். பாட்டன் விறகு வெட்டிய பற்றைக்காட்டிற் பேரன் கால் வைத்தால் வழக்கு.

செல்வம் கொழிக்கும் நாடுகளும் இதே கேள்வியை எதிர்நோக்கின. உக்ரேன் யுத்தத்தால் எரிவாயு விலை வானளாவிய 2022ஆம் ஆண்டில், ஜேர்மன் அரசு தன் பொது அலுவலகங்களை 19 பாகைக்கு மேற் சூடாக்கக்கூடாது என்று சட்டமியற்றியது. அங்கு வாழும் நம் உறவினர்கள் அந்த மாரியில் ஒரு பாடத்தைக் கற்றார்கள். எவ்வளவு எரிக்கிறோம் என்பதைவிட, உண்டாகிய சூட்டைச் சுவரும் கூரையும் எவ்வளவு நேரம் பிடித்துவைக்கின்றன என்பதே பெரிது. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவோன் கிணற்றைக் குறைகூறி என்ன பயன்? குடத்தையன்றோ அடைக்க வேண்டும்! நம் வீடுகளுக்கும் இதுவே விதி. வன்னியிற் குளிரை வெல்லும் வழி விறகுக் கட்டில் இல்லை. அது கூரையிலும் சுவரிலும் வேலியிலும் நிலத்திலும் இருக்கிறது.

வீடுகளின் வரலாறு

நம் முன்னோர் கட்டிய மண்வீட்டை நினைவுகூருங்கள். தடித்த மண்சுவர் பகலின் சூட்டை மெல்ல வாங்கி இரவில் மெல்ல விடும். பனையோலையாலோ கிடுகாலோ வேய்ந்த கூரை தன் அடுக்குகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி, மேலே பெய்யும் பனியைக் கீழே இறங்கவிடாது. தாழ்ந்த தாழ்வாரம் வாடையைத் தடுத்துவிடும். பொறியியற் கல்லூரி காணாத கைகள் கட்டிய வீடு அது.

நான் பழமையை வழிபடுவோன் அல்லேன். மண்வீட்டிற் கறையான் உண்டு, பாம்பு உண்டு. ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை கூரை வேய வேண்டும், ஒரு தீப்பொறி போதும் குடியிருப்பே சாம்பலாக. கல்வீடு வேண்டும் என்று நம் மக்கள் கேட்டது நியாயமே. அதிலும் வன்னி மக்கள் எத்தகைய கூரைகளின் கீழ் வாழ்ந்துவந்தார்கள் என்பதை அறிந்தோர் அதைக் குறைகூறார். 1995ஆம் ஆண்டின் யாழ்ப்பாண இடப்பெயர்வையும், 1996இற் கிளிநொச்சி நகரம் இழக்கப்பட்டதையும் தொடர்ந்து அக்கராயனிலும் ஸ்கந்தபுரத்திலும் மல்லாவியிலும் மரங்களின் கீழும் தறப்பாள்களின் கீழும் குடும்பங்கள் மாரியைக் கழித்தன. 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் மெனிக் பாம் மூடப்படும்வரை அங்கிருந்தோருக்குத் தறப்பாளும் தகரமுமே கூரை. தறப்பாள் மழையைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. வெளியே ஒழுகாத நீர் உள்ளே மூச்சின் ஈரமாகப் படிந்து சொட்டும். அந்த ஈரத்திற் படுத்துறங்கிய தலைமுறைக்குக் குளிரைப் பற்றி எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

பின்னர் வீட்டுத்திட்டங்கள் வந்தன. 50,000 வீடுகளுக்கான இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. பயனாளியே தன் வீட்டைக் கட்டிக்கொள்ளும் முறை அது, வரவேற்கத்தக்க முறை. பணம் போதாமையாற் கடன்பட்டோர் பலர் என்றாலும் வீடு அவர்களுடையதாயிற்று. அதற்கு நேர்மாறானது 2016ஆம் ஆண்டின் உருக்கு வீட்டுத்திட்டம். ஆர்சலர் மித்தல் என்ற பன்னாட்டு நிறுவனத்தின் மூலம் 65,000 உருக்கு வீடுகளை வடக்கிலும் கிழக்கிலும் நிறுவ அன்றைய அரசு முனைந்தது. ஒரு வீட்டின் செலவு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா என்றனர். அதன் பாதியிலும் குறைந்த தொகையிற் கல்வீடு கட்டலாமே, வெயிலிற் கொதிக்கும் உலோகச் சுவர் நம் காலநிலைக்கு ஒவ்வாதே என்று மக்கள் பிரதிநிதிகளும் பொறியியலாளரும் பொது அமைப்புகளும் எதிர்த்தனர். அத்திட்டம் அந்த அளவில் நிறைவேறவில்லை. படித்தோரும் பாமரரும் ஒன்றாக நின்று பெற்ற வெற்றி அது.

ஆயினும் அந்த வெற்றியோடு நாம் உறங்கிவிட்டோம். உருக்குச் சுவர் வேண்டாம் என்று சொன்ன நாம், கல்வீட்டின் மேல் ஏறிய தகரத்தையும் சீற்றையும் குறித்து ஒரு வார்த்தை பேசவில்லை. மெல்லிய சீமெந்துக்கல் சுவர், உள்தட்டு இல்லாத தகரக் கூரை, வெறுஞ் சீமெந்துத் தரை, வாடையை நேரே நோக்கும் சாளரம். இவையே இன்று வன்னியில் நாம் காணும் வீடுகள் பலவற்றின் அமைப்பு. தகரம் சித்திரையிற் சூளை. மார்கழியிலோ, தெளிந்த வானத்தை நோக்கித் தன் சூட்டையெல்லாம் உமிழ்ந்துவிட்டு, விடியற்காலையில் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும். வீட்டின் மூச்சு அதில் நீராய்ப் படிந்து உறங்குவோர் முகத்தில் விழும்.

"ஆண்டிற் சில வாரக் குளிருக்காக வீட்டை மாற்றுவதா? பத்து மாதம் வெயிலாயிற்றே!" என்று வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்துக்கு விடை எளிது. எந்தக் கூரை வெயிலைத் தடுக்குமோ அந்தக் கூரையே குளிரையும் தடுக்கும். தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு ஓர் உள்தட்டு அமைத்தால், அது சித்திரையில் வெக்கையை மேலேயே நிறுத்தும், மார்கழியிற் சூட்டைக் கீழேயே நிறுத்தும். ஒரு செலவு, இரு பயன்.

மலைநாடு தரும் பாடம்

வன்னியின் குடிகளில் ஒரு பெரும் பகுதியினர் மலையகத்திலிருந்து வந்தோர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களாலும் பசியாலும் துரத்தப்பட்டு இங்கே காடு வெட்டிக் குடியேறியோரும் அவர்தம் மக்களும் கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களெங்கும் வாழ்கின்றனர். அவர்களுடைய பாட்டன்மாரைக் கேட்டால் குளிரின் அரசியலை விளக்குவார்கள். பனி கொட்டும் மலைச்சாரலிற் தோட்டத் துரைமார் கட்டிக்கொடுத்தது லயம். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. சாளரம் இல்லாத அந்த ஒற்றை அறையின் அடுப்பே சமையலுக்கும் குளிர்காயவும். அடுப்பை மூட்டினாற் புகை நெஞ்சை அரிக்கும், அணைத்தாற் குளிர் எலும்பை அரிக்கும். போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்தார்கள். அதன் விலையைத் தொழிலாளியின் கடன் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்! குளிரை உண்டாக்கும் வீட்டைத் தந்துவிட்டு, அக்குளிருக்குப் போர்வையைக் கடனாக விற்ற கதை அது.

இன்று வன்னியில் நடப்பது இதிலிருந்து பெரிதும் வேறானதா? குளிரும் வெக்கையும் புகும் கூரையைத் திட்டத்தின் பெயராற் தந்துவிட்டு, அவற்றைத் தாங்க மின்சாரத்தையும் எண்ணெயையும் உயர்ந்த விலைக்கு விற்பதும் அதே கணக்கின் புதிய ஏடே.

நாம் செய்யவேண்டியவை

அரசு செய்யவேண்டியதைப் பின்னர்க் கூறுவேன். முதலில் நம் கையில் உள்ளவற்றைப் பார்ப்போம். இவற்றுக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை, ஐப்பசி பிறக்குமுன் கைகொடுக்கும் மனமே வேண்டும்.

முதலாவது, உள்தட்டு. பலகை வாங்க வசதியுள்ளோர் பலகை அடிக்கட்டும். இல்லாதோர் கழுவி உலர்த்திய சாக்குகளையும் உரப்பைகளையும் இரண்டு மடிப்பாகத் தைத்து இழுத்துக் கட்டினாலும் தகரத்தின் குளிர் பாதி அடங்கும். அடுப்பறைக்கு மேலும் மின்கம்பி செல்லும் இடத்திலும் இதைக் கட்டலாகாது.

இரண்டாவது, வாடைப்பக்கம். நம் குளிர்காற்று வடகிழக்கிலிருந்து வருவது. அப்பக்கச் சாளரத்தையும் கதவிடுக்கையும் அடைத்து, வெளியே ஒரு தட்டி நிறுத்துங்கள். சோளகமும் கச்சானும் வரும் பக்கங்களைத் திறந்தே விடுங்கள். வளவின் வடகிழக்கு ஓரத்திற் கிளிசரியாவையும் பூவரசையும் நெருக்கி நடுங்கள். கிளிசரியா 2005ஆம் ஆண்டில் இந்நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்டது. அது காற்றைத் தடுக்கும், ஆட்டுக்குக் குழை தரும், வயலுக்குப் பசளை தரும், கவாத்துப் பண்ணினால் விறகும் தரும். எல்லைக்கல் தாண்டி விறகு தேடவேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறையும்.

மூன்றாவது, தரையும் படுக்கையும். வெறுஞ் சீமெந்திற் பாய் விரித்துப் படுப்பது உடற்சூட்டை நிலத்துக்குத் தானம் செய்வதாகும். பாயின் கீழ் உலர்ந்த வைக்கோலோ சாக்கோ ஒரு விரற்கடை தடிப்பில் இருந்தால் மேலே ஒரு போர்வை மிச்சம். தடித்த ஒரு துணியைவிட மெல்லிய இரண்டு துணிகள் அதிகச் சூட்டைக் காக்கும். நனைந்த சாரத்தோடும் நனைந்த தலையோடும் எவரும் உறங்கலாகாது. குழந்தையின் தலையை மூடுங்கள். தாயின் மார்போடு அணைத்த பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த கணப்பு இல்லை.

நான்காவது, அடுப்பு. 1980களில் இந்நாட்டிற் பரவிய 'அனகி' மண் அடுப்பில் ஒரே நெருப்பு இரண்டு பானைகளைக் காய்ச்சும். மூன்று கல் அடுப்பைவிட விறகு கணிசமாக மிச்சமாகும். இரவுச் சமையலின் தணலிலேயே ஒரு பானை நீரைச் சூடாக்கிப் போத்தலில் அடைத்துத் துணி சுற்றி முதியவரின் காலடியில் வைக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். சிரட்டைக் கரியையோ ஊமற் கரியையோ சட்டியில் இட்டு, கதவை அடைத்து உறங்காதீர்கள்! எரியும் கரியிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை, உறங்குவோர் உறக்கத்திலேயே உயிர்விடுவர். கொடைக்கானல் போன்ற மலையூர்களில் இவ்வாறு மாண்டோரின் செய்திகளை அவ்வப்போது பத்திரிகைகளிற் காண்கிறோம்.

ஐந்தாவது, கால்நடை. மாசியில் அறுவடை இயந்திரம் வயலில் விட்டுச்செல்லும் வைக்கோலை நம்மிற் பலர் அங்கேயே எரித்துவிடுகிறோம். மாசியில் எரித்த அதே வைக்கோலைக் கார்த்திகையில் விலைகொடுத்துத் தேடுகிறோம். அதைக் கட்டிவைத்தால் அதுவே தீனி, அதுவே படுக்கை. கொட்டிலின் வாடைப்பக்கத்துக்கு ஒரு கிடுகுத் தட்டியும், கன்றுகளின் முதுகுக்கு ஒரு சாக்கும் போதும். காலநிலை அவதான நிலையம் சூறாவளி எச்சரிக்கை விடுத்த அன்றே பட்டியை மேட்டுநிலத்துக்கும் ஒதுக்கிடத்துக்கும் கொண்டுவந்து, வயிறு நிறையத் தீனி போடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இவ்வளவு செய்தாலும் நிலமில்லாதவனுக்குக் கொட்டில் எங்கே? மேய்ச்சல் தரை இல்லாத ஊரிற் பட்டி எங்கே ஒதுங்கும்? கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மேய்ச்சல் தரை ஒதுக்குங்கள் என்று கால்நடை வளர்ப்போர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டனர். காலபோகம் தொடங்கியதும் வயற்புறம் மாட்டுக்கு மூடப்படுகிறது. காடு ஏற்கனவே மூடப்பட்டிருக்கிறது. மெலிந்த மாடு நனைந்த வெளியில் நிற்கிறது. 2022இல் அவை மாண்டதற்குச் சூறாவளி மட்டுமே காரணம் என்று சொல்வது பாதி உண்மையே.

சட்டம் இதற்கு இடம் தரவில்லையா? தருகிறது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, அரச காணியை எந்தெந்த நோக்கங்களுக்காக வகுத்து ஒதுக்கலாம் என்று நிரற்படுத்துகிறது. கிராம விரிவாக்கத்தை அடுத்துக் கிராமக் காடும் கிராம மேய்ச்சல் தரையும் அந்நிரலில் இடம்பெறுகின்றன. விறகுக்குக் காடு, மாட்டுக்குத் தரை என்று இரண்டையும் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே சட்டமியற்றியோர் எண்ணினார்கள். ஏட்டில் இருப்பதை நிலத்தில் இறக்கும் கையே இல்லை.

ஆதலின் மூன்று கோரிக்கைகளை நாம் ஒருமுகமாக முன்வைக்க வேண்டும். ஒன்று, ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் கிராமக் காடும் மேய்ச்சல் தரையும் மேற்படி பிரிவின் கீழ் அளந்து ஒதுக்கப்படல் வேண்டும். இரண்டு, இனி வரும் எந்த வீட்டுத்திட்டமும் கூரைக்கு உள்தட்டு, உயர்த்திய தரை, புகைபோக்கியுள்ள அடுப்பறை ஆகிய மூன்றுக்குமான தொகையைத் தன் மதிப்பீட்டிலேயே கொண்டிருத்தல் வேண்டும். மூன்று, சூறாவளி எச்சரிக்கையோடு கால்நடைக்கும் முதியோருக்குமான குளிர் எச்சரிக்கையும் தமிழில், உரிய நேரத்தில், ஊர்தோறும் ஒலிக்க வேண்டும்.

"இலவசமாகத் தந்த வீட்டில் குறை காண்பதா?" என்று சிலர் முகஞ்சுளிப்பர். நம் வீடுகள் தாமாக இடிந்து விழவில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். போரில் அழிந்த வீட்டுக்கு ஈடாகத் தரப்படுவது தானம் ஆகாது. அது கடமையின் நிறைவேற்றம். கடமையை அரைகுறையாக நிறைவேற்றியோரிடம் மிகுதியைக் கேட்பது நன்றிகேடு என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்ததில்லை.

இம்முயற்சியிற் கற்றோருக்கும் கமக்காரருக்கும் தனித்தனிப் பங்கு உண்டு. பொறியியலாளர் நம் மண்ணுக்கேற்ற மலிவான கூரைக்கு ஒரு மாதிரிப் படம் வரைந்து தரட்டும். மருத்துவர் மாரிக் காலத்தில் ஈளையும் சளிச்சுரமும் எந்தக் கூரையின் கீழிருந்து வருகின்றன என்று குறித்துவைக்கட்டும். சட்டத்தரணிகள் மனுக்களை எழுதித் தரட்டும். கமக்காரர் அமைப்புகள் அவற்றிற் கையொப்பம் திரட்டிப் பிரதேச செயலகத்துக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கும் கொண்டு செல்லட்டும். உருக்கு வீட்டை எதிர்த்தபோது ஒன்றாக நின்றோம், இப்பொழுதும் நிற்க முடியும்.

வாடை நம் வாசலுக்கு வருவதற்கு நாள் குறித்தே வருகிறது. அடுத்த கார்த்திகையில் இன்னொரு மாண்டஸ் வாராது என்று எவரும் உறுதி தர இயலாது. அது வரும்போது, நம் கூரைகளின் கீழ் உள்தட்டும், கொட்டில்களின் ஓரத்திலே தட்டியும், அரச அதிபரின் மேசையிலே நம் மனுக்களும் இருத்தல் வேண்டும். விறகு அடுக்குவதற்கு முன் இவற்றை அடுக்குவோம்.